எல்லா ரத்தத்திலும் விழுந்த கோடு

பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு உற்சாகமாக ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். உற்சாகம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்திருக்க வேண்டும். குரோம்பேட்டையில் இதே கட்டடத்தில் முப்பத்திரண்டு வருடம் மற்றவர்களின் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தவள் நான். அந்த வருடங்களில் நான் உருப்படியாகச் செய்ததையெல்லாம் பிரிவு உபசார விழாவில் சொல்லி, சால்வையும் போர்த்திவிட்டார்கள். மேடையில் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. அது ஒரு முட்டாள்தனம். அதன் கீழே இருந்த கையெழுத்து என்னுடையது: ரஹ்மத், பிரிவுத் தலைவர்.

எல்-கேட் என்று ஒரு என்சைம் நம் ரத்தத்தில் ஓடுகிறது. உடம்பில் உதிரியாகக் கிடக்கும் கொலஸ்ட்ராலைப் பிடித்து, நல்ல கொழுப்பு என்று நாம் சொல்லும் துகளுக்குள் மடித்து வைத்து, கல்லீரலுக்கு அனுப்புவது அதன் வேலை. மிக அபூர்வமாகச் சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காது. அவர்களுக்கு உதிரிக் கொழுப்பு கருவிழியில் படிந்து, கண் பால் படர்ந்ததுபோல் மங்கும். சிறுநீரகத்திலும் படியும். பல வருடம் சத்தமே இல்லாமல் படிந்து, ஒருநாள் அதைச் செயலிழக்க வைத்துவிடும்.

இந்த என்சைம் ஒருவரிடம் இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஆன்டிபாடி வாங்கினோம். ஆயிரம் புரதங்களுக்கு நடுவே ஒன்றை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்வதுதான் ஆன்டிபாடி என்று உங்களுக்குக் கல்லூரியில் சொல்லியிருப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ரத்தத்தில் உள்ள புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, ஒரு தாளில் ஏற்றி, அதன்மேல் ஆன்டிபாடியை ஊற்ற வேண்டும். அது ஒட்டிய இடத்தில் ஒரு கருப்புக் கோடு தெரியும். எல்-கேட்டின் எடைக்கு உரிய உயரத்தில் கோடு விழுந்தால் என்சைம் உண்டு, விழாவிட்டால் இல்லை. இவ்வளவுதான் சோதனை. இதில் என்ன தப்பு நடந்துவிடும் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

அதை விற்க வந்தவர் அக்கினி நட்சத்திர வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்தார். டை கட்டியவர் சொன்னால் எங்கள் டைரக்டருக்கு வேதவாக்கு.

"பக்கா வேலிடேட்டட் மேடம். ஒரே கோடு. நீட்டா இருக்கும்" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஒரே கோடு இருந்தது. நீட்டாகவும் இருந்தது. எந்த ரத்தத்தில், என்ன செய்து எடுத்த கோடு என்று கேட்கும் புத்தி எனக்கு அப்போது வரவில்லை. படம் அழகாக இருந்தால் கேள்வி மறந்துபோகும் வியாதி எனக்கும் இருந்தது. உங்களுக்கு இருக்காது என்று நான் நம்பவில்லை.

குப்பி வந்ததும் எங்கள் கூடத்தில் வேலை செய்யும் ஆறு பேரின் ரத்தத்தில் போட்டுப் பார்த்தோம். ஆறு பேருக்கும் கோடு. எல்லோரும் கல்லுக்குண்டு மாதிரி இருந்தவர்கள். அவர்களுக்கு என்சைம் இருக்கத்தானே செய்யும்! இருக்க வேண்டிய ஆறு பேருக்கும் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டு நாங்கள் கைதட்டிக்கொண்டோம். டைரக்டர் லட்டு வாங்கி வரச் சொன்னார். அந்தப் படத்தைக் கம்பெனிக்காரர் கேட்டார், கொடுத்தேன். அடுத்து வரப்போகும் படங்களையும் அனுப்பச் சொன்னார். சரி என்றேன். இப்படித்தான் தென்சென்னையிலேயே எல்-கேட் பார்க்கும் ஒரே இடம் என்று எங்களுக்குப் பெயர் வந்தது. யாரும் பார்க்காததை நாம் பார்க்கிறோம் என்று பெருமைப்படும்போது, ஏன் யாரும் பார்க்கவில்லை என்றும் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

ஜி.எஸ்.டி. சாலையில், இரும்புலியூருக்கு அருகே இருந்த ஒரு மருத்துவமனையிலிருந்து சிறுநீரக டாக்டர் ஒருவர் இரண்டு பேரை அனுப்பினார். அனகாபுத்தூர் செல்வி, அவள் அண்ணன் சேகர்.

செல்விக்கு இருபத்தெட்டு வயது. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். ஊசியில் நூல் கோக்க இரண்டு வருடமாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். கருவிழியைச் சுற்றி வெள்ளை படர்ந்திருந்தது. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. நல்ல கொழுப்பு ஏறக்குறைய இல்லவே இல்லை. டாக்டருக்குச் சரியான இடத்தில் சந்தேகம் வந்திருந்தது. சேகர் அவளுக்கு ஒரு சிறுநீரகம் தர முன்வந்திருந்தார். அவர் ஏ.சி. மெக்கானிக், முப்பத்தொரு வயது, ஆரோக்கியமாகத்தான் தெரிந்தார். ஆனால் அவர் கண்ணிலும் லேசாக ஒரு வளையம் இருந்தது. வெல்டிங் வெளிச்சத்தில் வந்ததென்று அவரே ஒரு காரணம் வைத்திருந்தார். இந்தக் குறை உடன்பிறந்தவர்களுக்கும் வரக்கூடியது. தங்கைக்கு அது இருந்து அண்ணனுக்கும் இருந்தால், அவருடைய சிறுநீரகமும் நாள்பட்டுக் கெடப்போகிற ஒன்று. அதில் ஒன்றை எடுத்துவிட்டால் அவர் மிச்சம் வைத்திருப்பது பாதி நாள்தான். அதைத்தான் டாக்டர் எங்களிடம் கேட்டிருந்தார்.

சோதனை போட்டேன். இருவருக்கும் கோடு விழுந்தது. அழகாக, அழுத்தமாக.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். கண்ணில் வெள்ளை, நல்ல கொழுப்பு இல்லை, சிறுநீரகம் போய்விட்டது. நோயாளி தன் உடம்பு முழுக்க "எனக்கு அந்த என்சைம் இல்லை" என்று எழுதி வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். என் கையில் இருக்கும் தாள் மட்டும் இருக்கிறது என்கிறது. நான் எதை நம்பினேன்? தாளை. கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடைத்தவர்களுக்கு ஆளைவிடத் தாள்தான் கண்ணுக்குத் தெரியும்.

நான் முழு மடைச்சி இல்லை. கெட்டுப்போன என்சைமும் கோடு காட்டலாம் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அறிக்கையின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: "இச்சோதனை என்சைம் இருப்பதை மட்டுமே காட்டும், அது செயல்படுகிறதா என்பதைக் காட்டாது." டைரக்டர் அதை அடித்தார்.

"ரஹ்மத், ரிப்போர்ட்டுன்னா ஒரு கிளாரிட்டி இருக்கணும். இப்படி இழுத்து எழுதினா டாக்டருங்க அடுத்த தடவை நமக்கு அனுப்புவாங்களா?"

"டாக்டருக்குத் தெரியறது நல்லதுதானே சார்?"

"தெரியறவங்களுக்குத் தெரியும். விடுங்க."

விட்டேன். அந்த வரி இல்லாத தாளில் கையெழுத்துப் போட்டேன். அவர் அடித்தார், நான் போட்டேன். யாருடைய தப்பு பெரிது என்று பிற்பாடு பலநாள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருமுறைகூட எனக்குச் சாதகமாக விடை வரவில்லை.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். அதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது சேகர் எங்கள் கூடத்துக்கு வந்தார். உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் குழுவிடம் காட்ட அறிக்கையின் இன்னொரு பிரதி வேண்டுமாம். அஸ்தினாபுரத்தில் ஒரு வீட்டில் ஏ.சி. மாட்டிவிட்டு நேரே வந்திருந்தார். தோளில் கருவிப் பை, சட்டையெல்லாம் சுவர்ப் பொடி. பிரதியைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், ஒரு டவுட்டு கேக்கட்டா? கோச்சிக்காதீங்க."

"கேளுங்க தம்பி."

"இந்தக் கோடு வுழுந்தா அந்தச் சரக்கு ரத்தத்துல கீதுன்னு அர்த்தம். கரெக்டா?"

"ஆமா."

"இதுவரைக்கும் யாருக்குனா கோடு வுழாம இருந்துகீதா?"

யோசித்தேன். "இல்லை. அது ரொம்ப அபூர்வமான குறை தம்பி."

"அதுக்கில்ல மேடம். எங்க லைன்ல டெஸ்டர் வாங்கினா, மொதல்ல கரண்டு கீற எடத்துல வெச்சுப் பாப்போம். அப்பால கரண்டு இல்லாத எடத்துல வெச்சுப் பாப்போம். ரெண்டு எடத்துலயும் எரிஞ்சா தூக்கிக் கடாசிடுவோம். எங்க வெச்சாலும் எரியறது டெஸ்டர் இல்ல மேடம், நைட் லாம்பு."

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. முப்பது வருட அனுபவம், இரண்டு பட்டம், சுவரில் மாட்டிய சான்றிதழ்கள் எல்லாம் சேர்ந்து கோபப்பட்டன.

"தம்பி, இது வெளிநாட்டுல வேலிடேட் பண்ணினது."

"சரி மேடம். நீங்க படிச்சவங்க." அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "எனக்கு என் கிட்னியக் குடுக்கறதுக்குப் பயம் ஒண்ணுமில்ல. ஆனா வேலைக்காவாத கிட்னியக் குடுத்தா அவளுக்கு இன்னா பிரயோஜனம்? அதான் கேட்டேன்."

போய்விட்டார். அன்று தாம்பரம் ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். அவருக்குச் சொல்லியிருக்கக்கூடிய கெட்டிக்காரத்தனமான பதில்களை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். கரண்டு இல்லாத இடம் மாதிரி எல்-கேட் இல்லாத ரத்தத்துக்கு நான் எங்கே போவேன்? அதுதான் உலகத்திலேயே கிடைக்காத பொருளாயிற்றே! நல்ல பதில். ஆறு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த பதிலும் அதுதான். சானடோரியம் தாண்டும்போது அது எவ்வளவு சோம்பேறித்தனமான பதில் என்று புரிந்தது. எல்-கேட் இல்லாத ரத்தம் எனக்கு எதற்கு? அதே எடையுள்ள வேறொரு புரதத்திலும் கோடு விழுகிறதா என்று பார்த்தால் போதுமே.

அதே எடையுள்ள வேறொரு புரதம். ரத்தத்தில் அப்படி என்ன இருக்கிறது?

ஆல்புமின். ரத்தத்தில் மற்ற எந்தப் புரதத்தையும்விட அதிகமாக இருப்பது. எல்-கேட்டும் அதுவும் ஏறக்குறைய ஒரே எடை. தாளில் இரண்டும் ஒரே உயரத்தில்தான் நிற்கும். முதலாண்டு மாணவியை எழுப்பிக் கேட்டால் சொல்லுவாள். நான் முதலாண்டு மாணவிகளுக்குப் பாடம் எடுத்தவள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அந்த மருத்துவமனைக்குப் போனேன். நோன்பு மாதம், வாயில் தண்ணீர்கூடப் படவில்லை. உடம்பில் புரதம் குறைந்த நோயாளிகளுக்கு ஆல்புமினைப் பாட்டிலில் ஏற்றுவார்கள். அது சுத்திகரித்த சரக்கு. அதில் எல்-கேட் இருக்க வழியில்லை. ஏற்றி முடித்த பாட்டில் ஒன்றின் அடியில் நாலு சொட்டு நின்றது. வார்டு சிஸ்டரிடம் கேட்டேன்.

"காலி பாட்டிலா? எதுக்கு மேடம்?"

"என் மூளை வேலை செய்யுதான்னு பாக்க."

சிரித்துக்கொண்டே கொடுத்தாள். நான் சிரிக்கவில்லை.

அந்த நாலு சொட்டை நீர்க்க வைத்து ஒரு வரிசையில் போட்டேன். பக்கத்து வரிசைகளில் செல்வியின் ரத்தம், சேகரின் ரத்தம், என்னுடையது. ஆன்டிபாடியை ஊற்றினேன். மாலையில் தாளைக் கருவியில் வைத்துப் பார்த்தேன். நான்கிலும் கோடு இருந்தது. எல்-கேட் ஒரு துளியும் இல்லாத ஆல்புமின் வரிசையில் இருந்த கோடுதான் இருப்பதிலேயே தடிமன்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆறு மாதமாக நாங்கள் கண்டுபிடித்துக்கொண்டிருந்தது, உயிரோடு இருக்கும் எல்லா மனிதரிடமும் இருக்கும் ஆல்புமினை. அந்தக் கூடத்துக்குள் ஒரு காக்காய் பறந்து வந்திருந்தால் அதற்கும் "எல்-கேட் உள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

ஏன் இப்படி ஆனது என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். பதிலில் ஒரு மூலையில் சின்ன எழுத்தில் இருந்தது. ஆன்டிபாடி தயாரிக்க முயலுக்கு ஊசி போடும்போது எல்-கேட்டின் ஒரு துண்டை மாட்டு ஆல்புமினோடு ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். முயல் துண்டைவிட அதைச் சுமந்து வந்ததைத்தான் நன்றாக அடையாளம் வைத்துக்கொண்டது. மாட்டு ஆல்புமினும் மனித ஆல்புமினும் அண்ணன் தம்பி மாதிரி. முயலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கதையில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தது அது ஒன்றுதான்.

ஆனால் அந்தப் பதில் வந்தது பல நாள் கழித்து. அன்று மாலையே தாளை எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனேன். அவர் பார்த்தார். படம் புரியாத அளவுக்கு அவரும் மடையர் அல்ல.

"இதை யார் போடச் சொன்னாங்க?"

முப்பத்திரண்டு வருடத்தில் என் காதில் விழுந்த கேள்விகளில் இதற்கு நிகராக ஒன்று கிடையாது. தப்பா சரியா என்று கேட்கவில்லை. ஆபரேஷன் என்றைக்கு என்று கேட்கவில்லை.

"நானேதான் சார்."

"நோன்பு டைம் வேற. டயர்டா இருப்பீங்க. நாலு நாள் போகட்டும், நிதானமா இன்னொரு தடவை பாருங்க. அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன் இருக்குது, ஞாபகம் இருக்கா?"

"ஆபரேஷன் அடுத்த வியாழக்கிழமை சார்."

"அதுக்கு நாம என்ன பண்றது? டோனருக்கு அவங்க நூறு டெஸ்ட் எடுத்திருப்பாங்க. நம்மளோடது ஒண்ணு. அதை வெச்சா முடிவு பண்ணப் போறாங்க?"

"இந்த ஒரு கேள்விக்கு நம்மளோடது மட்டும்தான் சார் இருக்கு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கினா பேர் என்னாகும்னு யோசிச்சீங்களா?"

யோசித்தேன். பொய் சொல்ல விரும்பவில்லை, நன்றாகவே யோசித்தேன். ஓய்வுக்கு மூன்று வருடம்தான் இருந்தது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். "நாளைக்கு இன்னொரு தடவை போட்டுப் பாத்துட்டு..." என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. எவ்வளவு மரியாதையான வார்த்தை பாருங்கள்! அறிவியலாகவும் தெரியும், கோழைத்தனமாகவும் இருக்கும். ஒரு தப்பைத் தள்ளிப்போட எங்கள் தொழிலில் இருப்பதுபோல் நாகரிகமான சொற்கள் வேறெங்கும் கிடையாது. "மறுபரிசீலனை" என்போம், "கூடுதல் தரவு" என்போம். வியாழக்கிழமை அதுபாட்டுக்கு வந்துவிடும்.

என் அறைக்கு வந்து டாக்டரைப் போனில் கூப்பிட்டேன். சொன்னேன்.

"அப்ப நீங்க குடுத்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே இல்லைன்னு சொல்றீங்க."

"ஆமா டாக்டர்."

"ரெண்டு பேருக்குமா?"

"எல்லாருக்குமே."

"மேடம், நான் உங்களை நம்பித்தான் தேதி குடுத்தேன். எழுத்துல குடுங்க. இன்னிக்கே."

கொடுத்தேன். மூன்று வரி. "மேற்கண்ட அறிக்கைகள் திரும்பப் பெறப்படுகின்றன. பயன்படுத்திய ஆன்டிபாடி ஆல்புமினையே காட்டுகிறது. இத்தவறுக்கு நானே பொறுப்பு." கூடத்தின் முத்திரை டைரக்டர் அறையில் பூட்டியிருந்தது. முத்திரை இல்லாமலே கையெழுத்துப் போட்டு, ஆட்டோ பிடித்து நானே போய்க் கொடுத்தேன். ஆட்டோவிலேயே நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. பையில் பேரீச்சம்பழம் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

ஆபரேஷன் நின்றது. அண்ணன் தங்கை இருவரின் ரத்தத்தையும் மரபணுச் சோதனைக்கு வெளியூர் அனுப்பினார்கள். வந்த விடையில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இருவருக்கும் எல்-கேட் தரும் மரபணு அப்பா வழி, அம்மா வழி இரண்டு பக்கமும் கெட்டிருந்தது. சேகருக்கு நோய் இன்னும் சிறுநீரகத்தில் முழுதாக இறங்கவில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் அவர்களிடம் சொன்ன அன்று நானும் போயிருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. வெளி நடையில் பிளாஸ்டிக் நாற்காலியில் சேகர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார். எழுந்திருக்காதீர்கள் என்று கையைக் காட்டினேன்.

"மேடம், நான் அன்னிக்கு வாயத் தொறக்காம போயிருந்தா?"

"உங்க கிட்னியில ஒண்ணை எடுத்திருப்பாங்க தம்பி."

தலையை ஆட்டிக்கொண்டார். "எனக்கும் வந்துகீதுன்றதுகூட அப்பால பாத்துக்கலாம் மேடம். அவளுக்குக் குடுக்க முடியாதுன்றதுதான் பேஜாரா கீது. அம்மாவுக்கு சுகர். வேற யாரு கீறாங்க?"

என்னைத் திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு லேசாக வீட்டுக்கு வந்திருப்பேன். மன்னிப்புக் கேட்டேன். "உடுங்க மேடம்" என்றார். அது மன்னித்ததா, என்னைப் பேச வேண்டாமென்று சொன்னதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இனி மற்றவர்களின் கதையைக் கேளுங்கள். எல்-கேட் அறிக்கை வாங்கியவர்கள் இன்னும் பதினான்கு பேர் இருந்தார்கள். அவர்களுடைய டாக்டர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். ஒருவர், "எந்த டெஸ்ட்டும்மா?" என்றார். இன்னொருவர், "அது பேக்கேஜோட சேர்ந்து வர்றது, நான் அந்தப் பக்கமே பாக்கறதில்ல" என்றார். மூன்றாமவர் என்னை ஆறுதல்படுத்தி, "இதுக்கெல்லாம் போய் போன் பண்றீங்களே" என்று சிரித்தார். நாங்கள் போட்ட சோதனை தப்பு. அவர்கள் படிக்காமல் எழுதிக் கொடுத்த சோதனை அது. தப்பான பதிலும் யாரும் கேட்காத கேள்வியும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு ஆறு மாதம் சுகமாக வாழ்ந்திருக்கின்றன.

கம்பெனிக்காரர் மறுபடி டையோடு வந்தார்.

"லாட் பிரச்சினை மேடம், அந்த ஒரு தடவை தயாரிச்சது மட்டும் அப்படி. புது லாட் ஃப்ரீயா தர்றோம்."

அவரை உட்கார வைத்தே புது லாட்டையும் ஆல்புமினில் போட்டேன். அதுவும் தடித்த கோடு.

"உங்க பேஜ்ல இருந்து இதை எடுத்துடுங்க."

"மேல சொல்றேன் மேடம்."

மேலே யார் இருக்கிறார்களோ! ஒருநாள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பழைய படத்தை எடுத்திருந்தார்கள். அதன் இடத்தில் நான் அனுப்பிய படங்களில் ஒன்று. "வாடிக்கையாளர் அனுபவம், ஐந்து நட்சத்திரம்." நான் நட்சத்திரம் எதுவும் கொடுக்கவில்லை. வரிசைகளை எண்ணிப் பார்த்தேன். நாலாவது செல்வியுடையது. எல்-கேட் இல்லாத ஒரு பெண்ணின் ரத்தம், எல்-கேட்டைக் காட்டும் ஆன்டிபாடிக்கு விளம்பரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று முறை எழுதிய பிறகுதான் எடுத்தார்கள். ஆன்டிபாடியை விற்பதை நிறுத்தினார்களா என்று கேட்காதீர்கள்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கும் ஆட்கள் வந்தார்கள். குளிர்பெட்டியின் வெப்பநிலைப் பதிவேட்டைப் பார்த்தார்கள். தீயணைப்பு உருளையின் காலாவதித் தேதியைப் பார்த்தார்கள். நாங்கள் காட்டும் கோடு எதனுடைய கோடு என்று ஒருவரும் கேட்கவில்லை. சான்றிதழைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். டைரக்டர் அடுத்த வருடக் கருத்தரங்கில், தவறைத் தாமே கண்டுபிடித்துத் திரும்பப்பெறும் எங்கள் கூடத்தின் "தரக் கலாசாரம்" பற்றி இருபது நிமிடம் பேசினார். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். ஏ.சி. மெக்கானிக் என்ற சொல் அதில் எங்கும் வரவில்லை.

செல்வி இரண்டு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போனாள். பிறகு காத்திருப்புப் பட்டியலில் அவள் முறை வந்தது. யாரோ ஒருவர் சாலை விபத்தில் இறந்து, அவர் வீட்டார் கொடுத்த சிறுநீரகம். அந்தச் சிறுநீரகத்தையும் இந்தக் குறை மெதுவாகத் தாக்கும். டாக்டர் அவளிடம் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். இப்போதைக்கு நன்றாக வேலை செய்கிறது. மகள் கல்யாணத்துக்கு அவளிடம்தான் ஜாக்கெட் தைக்கக் கொடுத்தேன். அளவு சரியாக இருந்தது. வாங்கப் போன அன்று, தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து அவளாகவே ஆரம்பித்தாள்.

"மேடம், உங்க மொத ரிப்போர்ட் வந்த அன்னிக்கு வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். அண்ணன் குடுக்கலாம்னு ஆயிடுச்சில்ல? நான் மட்டும் பாத்ரூம்ல தாப்பாள் போட்டுக்கிட்டு அழுதேன்."

"ஏம்மா?"

"அவன்கிட்ட இருந்து வாங்கிக்க எனக்கு இஷ்டமே இல்ல. அவனுக்கு ரெண்டு பசங்க. வேணாம்னு சொன்னா அடிக்க வருவான். எதனா ஒரு டெஸ்ட்டுல 'இவரு குடுக்க முடியாது'ன்னு வந்துடணும்னு வேண்டிக்கிட்டே இருந்தேன். உங்களோடதுதான் கடைசி டெஸ்ட்டு." துணியை மடித்துப் பையில் வைத்தாள். "அப்புறம் வேண்டினது நடந்துச்சு. அவனுக்கும் நோய்னு. நான் இப்படியா மேடம் வேண்டிக்கிட்டேன்?"

முப்பத்திரண்டு வருடம் விடை எழுதியே சம்பளம் வாங்கியவள், பையை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தேன்.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை உங்கள் கவுண்டருக்கு ஒருவர் சிறுநீரும் ரத்தமும் கொடுக்க வருவார். மாத்திரையில் இருக்கிறார், வேலைக்கும் போய்க்கொண்டிருக்கிறார். சட்டையில் சுவர்ப் பொடி இருக்கும். கையை நீட்டுவதற்கு முன், இன்று எதை வைத்துப் பார்க்கிறீர்கள், அது சரியாகக் காட்டுகிறது என்று எப்படித் தெரியும் என்று கேட்பார். போன முறை உங்களில் ஒரு பெண், "சார், க்யூ நிக்குது" என்று எரிந்து விழுந்தாளாம். அவரே சொன்னார், சிரித்துக்கொண்டு.

அவருக்குப் பதில் சொல்லுங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அவர் காத்திருப்பார்.